அப்பா, அம்மா, தங்கை

எங்கள் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து படிக்கிற ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் எல்லா வீட்டிலும் ஒரே பழக்கம். பேப்பர் வந்ததும் நடுவில் விரித்து நினைவஞ்சலிப் பக்கத்தைப் பார்ப்பார்கள். பிரதமர் என்ன பேசினார் என்பதெல்லாம் பிறகுதான். யார் போனார்கள், போய் எத்தனை வருடம் ஆகிறது, கீழே 'இவண்' என்று போட்டு யார் யார் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள், யார் பெயரை விட்டுவிட்டார்கள். கடைசிக் கேள்வியில்தான் ருசி அதிகம். ஒரு மருமகளின் பெயர் விடுபட்டிருந்தால் அந்த வாரம் முழுக்க வேறு பேச்சே இருக்காது.

எழுபதுகளின் நடுவில் நிருபராகும் ஆசையோடு அந்தப் பத்திரிகையில் போய்ச் சேர்ந்தேன். "பொம்பளப் பிள்ள, கண்ட நேரத்துல வெளிய சுத்த முடியாது" என்று ஆசிரியர் என்னை இறந்தவர்களோடு உட்கார வைத்துவிட்டார். இறந்தவர்கள் எந்தெந்த நேரத்தில் எங்கெல்லாம் சுற்றுவார்கள் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது.

என் நாற்காலிக்குப் பின்னால் ஆளுயர மர அலமாரி ஒன்று இருந்தது. அதில் இறந்தவர்களின் முகங்கள். குடும்பத்தார் ஒரு புகைப்படம் கொண்டுவந்தால் அதைத் துத்தநாகத் தகட்டில் பிளாக்காகச் செதுக்கி, மரத்துண்டில் ஆணியடித்து, அடுத்த வருடத்துக்காக வைத்துக்கொள்வோம். தகட்டில் முகம் இடம் வலம் மாறித்தான் இருக்கும். வகிடு மறுபக்கம் இருக்கும், மச்சம் மறு கன்னத்தில் இருக்கும். கதவைத் திறந்தால் அத்தனை பேரும் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பகல் வெளிச்சத்தில், வெளியே சாலையில் மினிபஸ் கண்டக்டர் கத்திக்கொண்டிருக்கும்போதுகூட, அந்த அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார எனக்குப் பிடிக்காது. நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொள்வேன். கூட வேலை செய்தவர்கள் அதைச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள்.

வருடா வருடம் வருகிறவர்களில் பண்டமாரானிலிருந்து வரும் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். பள்ளிக்கூடம் முடிக்க இருந்த மகன் கூட்டாளிகளோடு கடலுக்குக் குளிக்கப் போய்த் திரும்பவில்லை. அந்த நாள் நெருங்கும்போது கிள்ளான் பஸ் பிடித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து நிற்பார். நினைவஞ்சலி எப்போதும் ஒன்றுதான். பள்ளிச் சீருடையில் மகனின் படம். அடியில் 'உன்னை நினைத்து வாடும் அப்பா, அம்மா, தங்கை'. மற்றவர்கள் பெயர்களைக் கொட்டி நிரப்புவார்கள். இவர் பெயர் போட மாட்டார், உறவை மட்டும்தான் போடுவார். "அவன் பேர் சொல்லியா கூப்பிட்டான் எங்கள?" என்று கேட்பார்.

நடுவில் ஒரு வரி மட்டும் ஒவ்வொரு வருடமும் மாறும். 'தங்கை ஆறாம் வகுப்பு போய்விட்டாள்.' 'வீட்டுக்குக் கூரை மாற்றினோம்.' 'உன் சைக்கிளை யாருக்கும் கொடுக்கவில்லை.' அவர் மகனுக்குச் செய்தி அனுப்புகிறார் என்பது எனக்குப் புரியச் சில வருடங்கள் ஆயிற்று. வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் நின்று சொல்லியிருக்கலாம். ஆனால் பேப்பரில் வந்தால்தான் அது செய்தி என்று நம்பினார். அந்த நம்பிக்கை எங்கள் ஆசிரியருக்குக்கூட இருந்ததாகச் சொல்ல முடியாது. புரூஃபைக் கையில் கொடுத்தால் வரி வரியாக விரல் வைத்துப் படித்துவிட்டு, "சரியா இருக்கும்மா" என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பார்.

எண்பதுகளின் கடைசியில் எங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. விற்க வந்தவர் கழுத்தில் டையும் கையில் வண்ணப் புத்தகமுமாக, லண்டனில் இப்படித்தான், டோக்கியோவில் இப்படித்தான், உலகத்தில் எந்தப் பத்திரிகையும் இனிமேல் ஈயத்தைத் தொடாது என்றார். அது உண்மைதான், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. எழுத்துப் பெட்டிகளை லோரியில் ஏற்றினார்கள். அலமாரியையும் ஏற்றினார்கள். ஏற்றும்போது ஒரு கதவு திறந்துகொண்டு, முகங்கள் கடை வரிசைக்கு முன்னாலிருந்த அஞ்சடி நடைபாதையில் கொட்டின. காலைச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் மிதிக்காமல் ஒதுங்கிப் போனார்கள். பழைய இரும்பு வாங்க வந்தவர் மண்வெட்டியால் அள்ளினார்.

கம்ப்யூட்டர் அறைக்கு ஏர்கான் போட்டார்கள். தூசி ஆகாது என்று செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்க, உள்ளே எல்லாரும் சட்டைமேல் சட்டை போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். சாவு வீட்டுக்குள் நுழைகிற மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அச்சுக்கூடத்தின் இரைச்சலில் வேலை செய்து பழகியவர்களுக்கு அந்த அமைதி ஆகவில்லை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் தாமாக வருவது போலத் தோன்றும்.

முன்பெல்லாம் ஒரே நினைவஞ்சலியை அடுத்த வருடம் போட வேண்டுமென்றாலும் எழுத்து எழுத்தாகப் பொறுக்கிக் கோக்க வேண்டும். கோப்பவர் படிப்பார், புரூஃப் பார்ப்பவர் படிப்பார், நான் படிப்பேன். இப்போது அதற்கெல்லாம் அவசியம் இல்லை. உள்ளே ஒரு முறை போட்டு வைத்தால் அதுவே வருடா வருடம் தேதி பார்த்து எடுத்துக் கொடுக்கும். 'எட்டாம் ஆண்டு' என்பதை 'ஒன்பதாம் ஆண்டு' என்று மாற்றக்கூடக் கை வைக்க வேண்டாம். விளம்பரப் பிரிவு மேலாளருக்கு ஏக சந்தோஷம்.

பண்டமாரான்காரர் அந்த வருடம் வந்தபோது மேலாளரே எழுந்து வந்து பேசினார். "அங்கிள், இனிமே நீங்க பஸ் ஏறி அலைய வேணாம்லா. இதுல போட்டுட்டா மெஷின் மறக்காது. எல்லா வருசத்துக்கும் ஒத்து வர்ற மாதிரி ஒரே ஒரு வரி மட்டும் சொல்லிட்டுப் போங்க."

அவர் வெகுநேரம் நின்று யோசித்தார். மேலாளர் இரண்டு முறை உள்ளே போய் வந்துவிட்டார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "எல்லாரும் சுகம், கவலைப்படாதேன்னு போடும்மா. அது எப்பவும் சரியா இருக்கும்" என்றார்.

அதன் பிறகு அவர் வரவில்லை. வர வேண்டிய அவசியம் இல்லை. அந்த நாளில் அந்தப் படமும் அந்த வரியும் பக்கத்தில் வந்துகொண்டிருந்தன. யாரும் படிக்காமல் அச்சாகிற வரிகள் எங்கள் பத்திரிகையில் அப்போது நிறைய இருந்தன.

சில வருடங்கள் கழித்து ஒருநாள் காலையில் ஓர் இளம்பெண் என் மேசைக்கு முன் வந்து நின்றாள். மேருவில் உள்ள ஒரு தொழிற்சாலையின் நீலச் சீருடை. இரவு ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. முந்தைய வாரப் பேப்பரை விரித்துத் தன் அண்ணனின் படத்தைக் காட்டினாள். அப்போதுதான் அவள் யாரென்று புரிந்தது. ஆறாம் வகுப்புப் போன தங்கை.

"இத போட்டது யாரு?" என்று கேட்டாள்.

"உங்க அப்பாதாம்மா."

"எங்க அப்பா போயி எட்டு மாசம் ஆச்சுக்கா."

அவள் குரலில் சண்டை இல்லை. பயம் இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

அப்பா கிள்ளான் ஆஸ்பத்திரியில் இறந்திருக்கிறார். மறுநாளே எல்லாம் முடிந்துவிட்டது. பேப்பரில் போட வேண்டாம் என்று அம்மா ஒரே பிடிவாதம். அப்பாவுக்கு ரவாங்கில் ஓர் அண்ணன் உண்டு. ஏதோ பழைய மனத்தாங்கலில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவருக்கும் சொல்லி அனுப்ப வேண்டாம் என்று அம்மா தடுத்துவிட்டார். ஒரு கல்யாண வீட்டில் யாரோ அவரிடம், "உங்க தம்பி போயிட்டாராமே" என்று கேட்டிருக்கிறார்கள். பெரியப்பா இடிந்துபோய், யாரிடமும் கேட்கத் தைரியமில்லாமல் இருந்திருக்கிறார். அப்போதுதான் பேப்பரில் இந்த நினைவஞ்சலி வந்திருக்கிறது. 'எல்லாரும் சுகம், கவலைப்படாதே. அப்பா, அம்மா, தங்கை.'

எங்கள் ஆட்களுக்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. கீழே பெயர் போட்டிருந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். பெரியப்பா ஒரு பிஸ்கட் டின்னும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு, பழைய மனத்தாங்கலையெல்லாம் விட்டுவிட்டு, தம்பியைப் பார்க்கப் பண்டமாரானுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

"நான் வேல முடிஞ்சு வீட்டுக்குப் போறேங்கா. பெரியப்பா ஹால்ல உக்காந்திருக்காரு. அம்மா அவருக்குத் தேத்தண்ணி கலக்கிக் குடுத்திருக்கு. என்னப் பாத்ததும், வா பிள்ள, உங்க அப்பன் மீன் வாங்க பாசாருக்குப் போயிருக்கானாமே, இன்னும் காணமேங்கிறாரு. மத்தியானத்துல இருந்து உக்காந்திருக்காரு. நான் அம்மாவப் பாத்தேன். அம்மா வாசலையே பாத்துக்கிட்டு நிக்குது. வந்துருவாரு, இப்ப வந்துருவாருன்னு சொல்லுது. அந்த மூஞ்சியப் பாத்தா, எனக்கே ஒரு நிமிசம் அப்பா வாசக் கேட்டத் திறக்கிற மாதிரி இருந்திச்சு."

அவள்தான் பெரியப்பாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். பெரியப்பா அழவில்லையாம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பேப்பரை மறுபடியும் எடுத்துப் பார்த்திருக்கிறார். பிறகு, "அப்ப இத போட்டது யாரு?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியைத்தான் அவள் என்னிடம் கொண்டுவந்திருந்தாள்.

யாரும் போடவில்லை என்று நான் எப்படிச் சொல்வது? மெஷின் என்றேன். அவள் தலையாட்டினாள், ஆனால் எனக்குப் பின்னால் இருந்த திரைகளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அம்மா இப்பல்லாம் ரெண்டு பேருக்குத் தேத்தண்ணி கலக்குதுக்கா. என்கிட்ட பேசுறதே கொறஞ்சு போச்சு. அப்பா பேர எடுத்துருங்க. இல்லன்னா அம்மாவும் அந்தப் பக்கமே போயிரும்" என்றாள்.

ஆசிரியரிடம் சொன்னேன். இறந்தவர் கையெழுத்தோடு பத்திரிகை வருவது வெளியே தெரிந்தால் மற்ற பேப்பர்காரன் சிரிப்பான் என்று பயந்தார். அடுத்த வருடத்துக்கு இப்போதே மாற்றிவிடச் சொன்னார். ஆபரேட்டர் தம்பி என் கண் முன்னால் 'அப்பா' என்ற சொல்லை அழித்தான்.

அடுத்த வருடம் அந்த நாள் நெருங்கும்போது அந்தப் பெண்ணின் அம்மாவே வந்தார். மெலிந்த பெண், கையில் குடை. செருப்பை வாசலில் விடுங்கள் என்று யாரும் சொல்லாமலே விட்டுவிட்டு உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும், "அவரு சொல்லுவாரு, அலமாரிக்கு முன்னால ஒரு பிள்ள கோணலா உக்காந்திருக்கும்னு. நீதானா?" என்று கேட்டார். அலமாரி போய் வெகுகாலம் ஆகியிருந்தது. நான் இன்னமும் கோணலாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

"அவரு பேர எடுக்கப் போறீங்களாமே" என்றார்.

"பேப்பர் பொய் சொல்லக் கூடாதும்மா."

"போன வருசம் சொன்னீங்கதானே? அது நல்லாத்தான இருந்திச்சு."

எனக்குக் கோபம் வந்தது. உங்கள் மகள் தவிக்கிறாள், அந்தப் பெரியவரை ஏன் அப்படி உட்கார வைத்தீர்கள் என்று கேட்டேன். நான் அப்படிப் பேசியிருக்க வேண்டியதில்லை, ஆனால் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. குடையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

"அவரு போனது எனக்குத் தெரியாதாம்மா? நான்தானே குளிப்பாட்டுனேன். அவங்க அண்ணன் வந்தாரு. தம்பி எங்கன்னு சிரிச்சிக்கிட்டே கேட்டாரு. அந்த மனுசனுக்கு அவரு உசுரோட இருந்தாரும்மா. உலகத்துல ஒரே ஒருத்தருக்கு. ஒரு சாயங்காலம் பூரா எங்க வீட்டு ஹால்ல அவரு இருந்தாரு. நான் எதுக்குக் கெடுக்கணும்? இன்னும் எஸ்டேட்ல, அங்கங்க, பேப்பர் பாத்து எத்தன பேரு அவரு இருக்காருன்னு நெனச்சிட்டு இருப்பாங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரிய வேணாம். விட்டுருங்க."

பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

பக்கம் முடிக்கிற அன்று மத்தியானம் மெஷினிலிருந்து வெளிவந்த தாளைப் பார்த்தேன். மகனின் படம், 'எல்லாரும் சுகம், கவலைப்படாதே', அதன் கீழே 'அப்பா, அம்மா, தங்கை'. அப்பா திரும்பி வந்திருந்தார்.

"நான் அழிச்சேனேக்கா. நீங்க பாத்தீங்கதானே" என்றான் ஆபரேட்டர். பிறகு தேடிப் பார்த்து, நடுவில் மெஷின் ஒருமுறை கெட்டபோது பழைய டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினார்கள், அதில் வந்திருக்கும் என்றான். அதுதான் நடந்திருக்கும். இருந்தாலும் அவன் அந்தச் சொல்லை மறுபடியும் விரலால் தொட்டுப் பார்த்தான்.

அவனைத் திருத்தச் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தத் திரைமேல் நம்பிக்கை விட்டுப்போயிருந்தது. அப்போதெல்லாம் வெளிவந்த தாளைக் கத்தியால் நறுக்கி, பெரிய அட்டையில் ஒட்டித்தான் பக்கம் அமைப்போம். கத்தியை எடுத்துக்கொண்டு சாய்வு மேசைக்கு முன் நின்றேன். அம்மா சொன்னது காதில் இருந்தது. விட்டுவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? நானாக வைத்த பெயர் இல்லையே. ஆனால் வாழைப்பழச் சீப்போடு மத்தியானத்திலிருந்து உட்கார்ந்திருந்த பெரியவரை நினைத்தேன். நீலச் சீருடையில் நின்ற பெண்ணை நினைத்தேன். உயிரோடு இருக்கிறவள் கேட்டது அது ஒன்றுதான்.

'அப்பா' என்ற சொல்லை மட்டும் நறுக்கி எடுத்தேன். 'எல்லாரும் சுகம்' என்பதைத் தொடவில்லை. அது அவர் யோசித்து யோசித்துச் சொன்ன வரி, என்னுடையது இல்லை. 'அம்மா, தங்கை' என்பதை நகர்த்தி நடுவில் ஒட்ட மனம் வரவில்லை. அவர் இருந்த இடம் வெள்ளையாக அப்படியே இருந்தது.

சாயங்காலம் மினிபஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, எதிரில் உட்கார்ந்திருந்த சீனப் பாட்டி என் கையைச் சுட்டிக் காட்டினார். முழங்கைக்குக் கீழே ஒரு சின்னத் துண்டுக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது. 'அப்பா'. கீழே போட மனமில்லை. பர்ஸில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் நான் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள் டெலிபோன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர் பேசினார். "வருசா வருசம் அந்தப் பையன் படத்தப் பாப்பேம்மா. அப்பாங்கிற எடம் காலியா இருக்கே. அவரு மவுத்தாயிட்டாரா?" அடுத்து வடக்கே ஏதோ ஓர் எஸ்டேட்டிலிருந்து ஒரு பெண். அந்தச் சைக்கிளை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லைதானே என்று கேட்டாள். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர். யார் என்று சொல்லாமல் அழுதுவிட்டு வைத்த ஒருவர். எங்களில் யாரும் படிக்காத அந்த வரிகளை நாடு முழுக்க முன்பின் தெரியாதவர்கள் வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒரு சொல் குறைந்ததும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. நான் ஒவ்வொருவரிடமும், ஆமாம், போய்விட்டார் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் சாவு வீட்டில் பேசுகிற குரலாகிவிட்டது.

மத்தியானத்துக்கு மேல் அம்மா பேசினார். பொதுத் தொலைபேசியிலிருந்து பேசினார், பின்னால் லோரிகள் போகிற சத்தம் கேட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"யாராச்சும் கேட்டாங்களா?" என்றார்.

கேட்டார்கள் என்றேன். யார் யார் என்று கேட்டார். துணிக்கடைக்காரர், எஸ்டேட் பெண், வாத்தியார் என்று ஒவ்வொருவராகச் சொன்னேன். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குத் தலையசைப்பது போல ஒவ்வொன்றுக்கும் 'ம்' என்றார்.

"அப்படின்னா அவரு இன்னிக்குத்தான் போயிருக்காரு" என்றார்.

டெலிபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அவரு சாவ பேப்பர்ல போடணும். எழுதிக்கிறியா?" என்று கேட்டார். ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டேன். "இவண்ல அவங்க அண்ணன் பேர மொதல்ல போடு" என்றார்.